பினாங்கிலிருந்து ஒரு பட்டைச் சுருள் கேலக்ஸி பார்க்க

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 22 வருடம் மைக்ரோஸ்கோப் பார்த்தவள் நான். நைட் ஷிப்டில் உட்கார்ந்து, சில்லில் கீறல் விழுந்திருக்கிறதா, கம்பி ஒட்டிய இடம் விலகியிருக்கிறதா என்று தேடுகிற வேலை. புதிதாகச் சேரும் பெண்களிடம், "உடனே பாஸ் போடாதே, இன்னும் கொஞ்ச நேரம் பார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். வேலையை விட்டு நின்றபிறகு ஒரு தொலைநோக்கி வாங்கினேன். அதற்கும் அதே பேச்சுதான் என்று புரிய எனக்கே இரண்டு வருடம் பிடித்தது.

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். நடுவில் தங்க நிறத்தில் ஒரு நேர்ப்பட்டை, அதன் இரண்டு முனையிலும் கொக்கி மாதிரி வளைந்த நீலக் கைகள். "சித்தி, இது உங்க டெலஸ்கோப்பில் தெரியுமா?" படத்தில் இருந்தது என்.ஜி.சி. 1365 என்ற கேலக்ஸி, வானியலாளர்களின் பட்டியல் ஒன்றில் அதற்குள்ள எண் அது. தெரியும், ஆனால் இப்படித் தெரியாது என்றேன். அவன் முகம் சுருங்கிப் போனது. அவனை ஒரு இரவு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அப்படிப் போக நினைக்கிற மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பட்டை என்ன என்று ஒரு வார்த்தை. சாதாரணச் சுருள் கேலக்ஸியில் கைகள் நடுக்கருவிலிருந்தே கிளம்பும். பட்டைச் சுருளில் நடுக்கருவை ஊடுருவி ஒரு பட்டை ஓடும், கைகள் அதன் முனைகளிலிருந்து வளையும். பட்டை என்றால் ஏதோ கட்டியான பொருள் இல்லை. கோடிகோடியாக நட்சத்திரங்கள் நீண்ட முட்டை வடிவப் பாதைகளில் சுற்றுகின்றன. அந்தப் பாதைகள் ஒரே திசை பார்த்து அணிவகுக்கும்போது உண்டாகிற நெரிசல்தான் பட்டை. அதன் வழியாக வாயு நடுவை நோக்கி இறங்கும். அக்கம்பக்கத்துச் சுருள் கேலக்ஸிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டில் ஏதோ ஒரு அளவுக்குப் பட்டை உண்டு. நம் பால்வெளியும் அந்த ரகம்தான். நாம் உள்ளேயே இருப்பதால் தனுசு ராசிப் பக்கம் தடித்த வெளிச்சமாக மட்டும் தெரிகிறது.

நாங்கள் பார்க்கப் போவது இரண்டு கேலக்ஸி. தை மாதத்துக்கு என்.ஜி.சி. 1365, சித்திரைக்கு எம் 83. 'எம்' என்பது மெஸ்ஸியர் என்ற வானியலாளர் போட்ட பட்டியல். இரண்டும் தென்வானத்துப் பிறவிகள். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிற வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நானும் முதலில் வடக்கே தேடித் தேடி ஏமாந்தேன். பினாங்கு நிற்பது வடக்கு 5.4 பாகையில். என்.ஜி.சி. 1365 நமக்கு 48 பாகை உயரத்துக்கு ஏறும், எம் 83 கிட்டத்தட்ட 55 பாகைக்கு. பாரிஸில் இருந்த மெஸ்ஸியருக்கு அந்த எம் 83 அடிவானத்துக்கு மேலே 11 பாகைதான். 1781இல் பெரும்பாடுபட்டுத்தான் அதைப் பார்த்தார். நமக்கு அது கழுத்தை நிமிர்த்திப் பார்க்கிற உயரம். வானம் நமக்குக் கொடுத்திருக்கிற சலுகை இது. அதை வட்டியோடு திரும்பப் பிடுங்கிக்கொள்வது மேகமும் ஈரக்காற்றும்.

எந்த நாள் போவது? கோயிலில் கொடுத்த தினக் காலண்டரே போதும், தனியாக ஆப் வேண்டாம். தேய்பிறை அஷ்டமி தாண்டினால் நிலா நள்ளிரவுக்குப் பிறகுதான் எழும். அங்கிருந்து அமாவாசை வரை, அதன்பின் வளர்பிறை திரிதியை வரை மாலை வானம் நமக்குச் சொந்தம். தைப்பூசம் பௌர்ணமியில் வரும். அன்றைக்குத் தண்ணீர்மலைக்குப் போங்கள், தொலைநோக்கி வீட்டிலேயே இருக்கட்டும். தீபாவளி அமாவாசையை ஒட்டி வரும், அந்தச் சமயத்தில் நள்ளிரவு தாண்டி என்.ஜி.சி. 1365 உச்சியில் நிற்கும். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் பினாங்கில் அது மழைக்காலம், போதாததற்குப் பட்டாசுப் புகை வேறு. மார்கழிப் பாதியிலிருந்து மாசித் தொடக்கம் வரைதான் இங்கே வானம் காய்ந்து கிடக்கும்.

சரி, தை அமாவாசை அன்றே போகலாமே என்று நானும் முதல் வருடம் போனேன். நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எங்கள் உறவுக்காரர் இருக்கிறார், அங்கே பழைய தோட்டக் கோயில் திடல் ஒன்று உண்டு. போய்ப் பார்த்தால் அமாவாசைப் பூசை, கோயிலைச் சுற்றி டியூப் லைட். எட்டரை மணிக்குப் பூசாரி விளக்குகளை அணைத்துக் கொடுத்தார், பாவம். ஒன்பது மணிக்குப் பக்கத்துச் சிற்றூரில் வாணவேடிக்கை ஆரம்பித்தது. பல வருடங்களில் தை அமாவாசையும் சீனப் புத்தாண்டும் அடுத்தடுத்த நாளிலோ ஒரே நாளிலோ வந்துவிடும், அது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போதெல்லாம் அமாவாசைக்கு மூன்று நாள் முன்னாடியே போய்விடுகிறேன். இருட்டு அதே இருட்டு, கூட்டம் மட்டும் இல்லை.

நேரமும் நமக்கு வசதி. நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தி ஓடுகிறது. அதனால் ஜனவரியில் முழு இருட்டு கவியவே எட்டே முக்கால் ஆகும். என்.ஜி.சி. 1365 ஜனவரி நடுவில் ஒன்பதேகால் வாக்கில் தெற்கே உச்சிக்கு வரும், பிப்ரவரி தொடக்கத்தில் எட்டு மணிக்கே. இருட்டியதும் பார்த்துவிட்டுப் பதினோரு மணிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். நைட் ஷிப்டுக்கு மறுபடியும் போகத் தேவையில்லை.

இடம்தான் பெரிய பிரச்சினை. என் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீட்டு வாசலிலிருந்து பலமுறை முயன்றிருக்கிறேன். ஒரே ஒரு தடவை நடுக்கரு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பட்டை எந்த நாளும் தெரிந்ததில்லை. தீவிலேயே இருப்பவர்கள் பாலிக் புலாவ் பக்கம் போகலாம். நடுவில் இருக்கிற மலைத்தொடர் ஜார்ஜ்டவுன் வெளிச்சத்தைப் பாதியாவது மறைக்கும். பந்தாய் அச்சேவில் சேக் தாகிர் பெயரிலான வானியல் மையத்தைக் கட்டியதும் அந்தப் பக்கம்தான். கொடிமலை உயரமாயிற்றே என்பார்கள். உயரம் உண்டு, கூடவே மேகமும் உண்டு, கீழே முழு நகரமும் எரிந்துகொண்டிருக்கும். எனக்குச் செம்பனைத் தோட்டம்தான் பிடித்திருக்கிறது. மரங்கள் அடிவானத்தை மறைத்தாலும் 48 பாகையில் நிற்கிற பொருளுக்கு அதனால் கெடுதல் இல்லை, பக்கவாட்டு வெளிச்சத்துக்குத் திரை போட்ட மாதிரியும் ஆகிவிடுகிறது. தோட்டத்து ஜாகாவிடம், அதாவது காவலாளியிடம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தனியாகப் போக வேண்டாம். காலில் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், தோட்டத்தில் எலிக்குப் பாம்பு வரும்.

தொலைநோக்கியைப் பற்றி. நான் முதலில் வாங்கியது ஒரு பேரங்காடியில், பெட்டியின் மேல் "675 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நிலாவைக்கூட அதில் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. கேலக்ஸிக்கு வேண்டியது மடங்கு அல்ல, வாய் அகலம். இப்போது வைத்திருப்பது 8 அங்குல டாப்சோனியன்: 203 மி.மீ. கண்ணாடி, 1200 மி.மீ. குவியத்தூரம், மரப்பலகைத் தாங்கி, மோட்டார் கிடையாது. என்.ஜி.சி. 1365இன் பட்டைக்கு இதுதான் குறைந்தபட்சம் என்பது என் அனுபவம். 6 அங்குலத்தில் நீள்வட்டமாக ஒரு மங்கல் தெரியும். 10 அல்லது 12 அங்குலம் இருந்தால் கைகளுக்குச் சண்டை போட வேண்டியதில்லை.

ஐபீஸ், அதாவது கண் வைத்துப் பார்க்கிற வில்லை, மூன்று இருந்தால் போதும். 25 மி.மீ. தேடுவதற்கு, 1200ஐ 25ஆல் வகுத்தால் 48 மடங்கு. 15 மி.மீ. பார்ப்பதற்கு, 80 மடங்கு. 10 மி.மீ. நோண்டுவதற்கு, 120 மடங்கு. ஏன் நடுவில் உள்ளது முக்கியம்? ஐபீஸிலிருந்து வெளியே வருகிற ஒளிக்கற்றையின் அகலம் எவ்வளவு என்று பாருங்கள்: 203ஐ 80ஆல் வகுத்தால் இரண்டரை மி.மீ. கேலக்ஸிக்கு 2 முதல் 3 மி.மீ. தான் கண்ணுக்குத் தோதான அகலம். அதற்கு மேலே போனால் வானத்தின் வெளுப்பும் சேர்ந்து பிரகாசமாகிக் கேலக்ஸியை விழுங்கும். ரொம்பக் குறைத்தால் எல்லாமே சேர்ந்து இருண்டுவிடும். வேறு அளவுத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் இந்த வகுத்தலை வைத்தே தங்களுக்கான ஐபீஸைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

குளிர்நாட்டுப் புத்தகங்கள், கண்ணாடியை வெளியே வைத்து ஒரு மணி நேரம் குளிர விடு என்று சொல்லும். நமக்கு விஷயம் வேறு. ஏர்கான் அறையில் வைத்திருந்த கண்ணாடியைத் தோட்டத்துக் காற்றில் திறந்தால் ஐந்தே நிமிடத்தில் ஐஸ் மைலோ டம்ளர் மாதிரி வேர்த்துவிடும். அதனால் எப்போதும் ஏர்கான் இல்லாத அறையில் வையுங்கள், காரிலும் ஏர்கான் காற்று அதன்மேல் அடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். குழாயின் வாயில் கறுப்பு நுரைப் பாயைச் சுருட்டி ஒரு முழம் நீட்டிக் கட்டினால் பனி இறங்குவதும் தள்ளிப்போகும், பக்க வெளிச்சமும் வராது. கொசுமருந்து தடவிய விரலால் ஐபீஸைத் தொடாதீர்கள். டீட் கலந்த மருந்து பிளாஸ்டிக்கையே அரிக்கும். நான் கொசுவர்த்தியைக் காற்று போகிற பக்கம் தள்ளி வைத்துக்கொள்கிறேன்.

இப்போது தேடல். ஓரியனின் மூன்று நட்சத்திரம் எல்லோருக்கும் தெரியும். அது கிழக்கே ஏறியிருக்கும். தென்கிழக்கே அகத்தியர் நட்சத்திரம் ஜொலிக்கும், தென்மேற்கே தாழ்வாக அகர்னார் நட்சத்திரம். அகர்னாரிலிருந்து மேலே ஏறினால் அக்கமார், சுமாரான பிரகாசம், மூன்றாம் தரம் (தர எண் கூடக் கூட மங்கல்). இன்னும் பதினொன்றரைப் பாகை வடக்கே போனால் ஆல்பா ஃபார்னாசிஸ், நான்காம் தரம். கையை நீட்டி மடக்கிய முஷ்டியின் அகலம் பத்துப் பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் அடிப்பக்கமாக வைத்து, கிழக்கே ஒரு முக்கோணம் போடுங்கள். இரண்டிலிருந்தும் சம தூரத்தில், ஏழு பாகைக்குக் கொஞ்சம் மேலே, மூன்றாவது முனை. அங்கேதான் 'கை' ஃபார்னாசிஸ் என்ற மூன்று நட்சத்திரச் சிறு கூட்டம் இருக்கிறது. 'கை' என்பது கிரேக்க எழுத்தின் பெயர். கேலக்ஸியின் கையைத் தேட 'கை'யிலிருந்து புறப்படுகிறோம், தமிழர்களுக்கு மறக்காது. அவற்றில் பிரகாசமானது 4.7 மேக்னிடியூட் (தரத்துக்கு இன்னொரு பெயர்), நல்ல இருட்டில் வெறும் கண்ணுக்கே தட்டுப்படும். மற்ற இரண்டுக்கும் ஃபைண்டர் (குழாயின் மேல் இருக்கிற சின்னத் தேடுநோக்கி) வேண்டும்.

இனி என் குறுக்குவழி. 25 மி.மீ. ஐபீஸில் இந்த மூன்றையும் நடுவில் கொண்டுவாருங்கள். தொலைநோக்கியைக் கால் பாகைக்கும் குறைவாக, ஒரு மயிரிழை தெற்கே தள்ளுங்கள். கையை எடுத்துவிடுங்கள். ஆறு நிமிடம் சும்மா இருங்கள். பூமி சுழல்கிறது, டாப்சோனியனுக்கு மோட்டார் இல்லை, எனவே நட்சத்திரங்கள் மேற்குப் பக்கமாக வெளியேறிக்கொண்டே இருக்கும், கிழக்கே இருப்பது தானாக உள்ளே வரும். என்.ஜி.சி. 1365 'கை'க்குக் கிழக்கே ஒன்றேகால் பாகையில், அதே மட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. தேடித் தேடித் தவறவிடுகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது. அந்த ஆறு நிமிடம் கண்ணும் இருட்டுக்குப் பழகும். பிளாஸ்கில் கோப்பி இருந்தால் அதற்கும் நேரம்.

வட்டமாக, தெளிவாக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மங்கல் தெரிந்தால் நீங்கள் ஒரு பாகை தாண்டிப் போய்விட்டீர்கள். அவை என்.ஜி.சி. 1399உம் 1404உம், நீள்வட்டக் கேலக்ஸிகள், கொஞ்சம் தென்மேற்கே திரும்புங்கள்.

கண் பழகுவது என்றால் இருபதிலிருந்து முப்பது நிமிடம், அதற்கு நடுவில் ஒருமுறைகூடக் கைப்பேசித் திரையைப் பார்க்கக் கூடாது. ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். டார்ச்சின் முகத்தில் சிவப்பு அங்பாவ் உறையை (சீனப் புத்தாண்டுக்குப் பணம் வைத்துக் கொடுப்பது) கட்டி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன், வரைபடம் பார்க்க அந்த வெளிச்சம் தாராளம். தலைக்கு மேல் ஒரு கறுப்புத் துணி. எனக்குப் பழைய துப்பட்டா, வெட்கப்படாமல் முக்காடு போட்டுக்கொள்வேன். ஓரக்கண்ணில் விழுகிற வெளிச்சம் தடைபட்டாலே ஒரு அங்குலம் பெரிய கண்ணாடி வாங்கிய மாதிரி இருக்கும்.

ஐபீஸில் கேலக்ஸி வந்ததும் எல்லோரும் அதையே முறைத்துப் பார்ப்பார்கள். முறைத்தால் மறைந்துவிடும். விழித்திரையின் நட்டநடுவில் மங்கல் வெளிச்சத்துக்கான செல்கள் இல்லை, அவை 15, 20 பாகை தள்ளித்தான் அடர்த்தியாக இருக்கின்றன. ஆகவே கேலக்ஸியை நடுவில் வைத்துக்கொண்டு பார்வையை மட்டும் வேறெங்காவது நிறுத்துங்கள். வலது கண்ணால் பார்த்தால் வலப்பக்கம், இடது கண்ணால் பார்த்தால் இடப்பக்கம். மாற்றிப் பார்த்தால் குருட்டுப்புள்ளியில் விழுந்து ஒன்றுமே தெரியாது. திருமண வீட்டில் ஒருவரை நேராகப் பார்க்காமலே அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்வோம் இல்லையா, அந்தப் பார்வைதான். கூடவே குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசைவதைக் கண் சீக்கிரம் பிடிக்கும். மூச்சை அடக்காதீர்கள், நிதானமாக இழுத்து விடுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். குனிந்து நின்று இடுப்பு வலிக்கிறவருக்கு எந்தக் கேலக்ஸியும் தெரியாது.

என்ன தெரியும்? என் நோட்டில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். முதல் ஐந்து நிமிடம்: சின்ன வட்டப் பஞ்சு, நடுவில் கொஞ்சம் பிரகாசம். அவ்வளவுதான், பலர் இங்கேயே எழுந்து போய்விடுகிறார்கள். பத்து நிமிடம் கழித்து: பஞ்சு கிழக்கு மேற்காக நீள்கிறது. விபூதியை ஒரு விரலால் இழுத்துவிட்டு வியர்வையில் பாதி அழிந்த கீற்று எப்படி இருக்கும், அப்படி. அதுதான் பட்டை. அதன் நீளம் முழுநிலாவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான். இருபது நிமிடம் கழித்து, 15 மி.மீ. ஐபீஸில்: கீற்றின் மேற்கு முனை நேராக முடியவில்லை, வடக்கே திரும்புகிறது. ஒரு கணம் தெரியும், மறையும், மறுபடி அதே இடத்தில் தெரியும். ஒரே இடத்தில் மூன்று தடவை தெரிந்தால்தான் நான் எழுதிக்கொள்வேன், தொழிற்சாலைப் பழக்கம். கிழக்கு முனையிலிருந்து தெற்கே போகிற கை இன்னும் மங்கல். எட்டு அங்குலத்தில் அதை உறுதியாகப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இரண்டு இரவுதான் வாய்த்திருக்கிறது.

எந்தப் பக்கம் மேற்கு என்று குழம்ப வேண்டாம், நட்சத்திரங்கள் எந்தப் பக்கம் வெளியேறுகின்றனவோ அதுதான் மேற்கு. டாப்சோனியனில் படம் தலைகீழாகத் தெரியும். கைப்பேசிப் படத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்தபிறகு கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள். பார்ப்பதற்கு முன்னால் படத்தைப் பார்க்காமல் இருப்பது இன்னும் நல்லது. படம் மனதில் இருந்தால் கண் அதை வரைந்துகொள்ளும்.

நிறம் ஒன்றும் தெரியாது, எல்லாம் சாம்பல். இதைச் சொன்னால் முகம் தொங்கிப் போகிறவர்களுக்கு டன்லப் கதையைச் சொல்வேன். ஜேம்ஸ் டன்லப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1826இல் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து இந்தக் கேலக்ஸியைக் கண்டுபிடித்தார். அவரிடம் இருந்தது 9 அங்குல உலோகக் கண்ணாடி. அந்தக் காலத்து உலோகத்தைவிட நம் அலுமினியப் பூச்சு அதிக ஒளியைத் திருப்பும், ஆகவே தோட்டத்தில் நிற்கிற உங்கள் 8 அங்குலம் அவருடையதற்குக் குறைந்தது இல்லை. கேலக்ஸிகளுக்குச் சுருள் வடிவம் உண்டு என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அது 1845இல், அயர்லாந்தின் ராஸ் பிரபு 72 அங்குலக் கண்ணாடியில் எம் 51 என்ற கேலக்ஸியைப் பார்த்தபோதுதான் தெரியவந்தது. நீங்கள் அந்தக் கொக்கியைப் பிடித்துவிட்டால், கீற்றிலிருந்து வருகிற ஒளி புறப்பட்டு ஏறக்குறைய 56 மில்லியன் வருடம் ஆகிறது.

ஒவ்வொரு முறையும் வரையுங்கள். கலை எல்லாம் வேண்டாம். தே தாரிக் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டு, முதலில் சுற்றியுள்ள நட்சத்திரங்களைப் புள்ளியாக வைத்து, பிறகு பென்சில் தூளை விரலால் இழுத்துக் கீற்றைத் தேய்த்தால் போதும். வரையும்போதுதான் "இந்த ஓரம் எங்கே முடிகிறது?" என்ற கேள்வி வரும், அந்தக் கேள்விதான் கண்ணை மறுபடி ஐபீஸுக்கு அனுப்பும். இன்னொரு லாபமும் உண்டு. 2012இல் இதே கேலக்ஸியில் ஒரு சூப்பர்நோவா வெடித்து 12 மேக்னிடியூட் வரை பிரகாசித்தது. எட்டு அங்குலத்தில் நன்றாகத் தெரிகிற புள்ளி அது. பழைய வரைபடம் கையில் இருந்தால் புதுப்புள்ளி வந்ததும் தெரிந்துவிடும்.

எம் 83க்கு இவ்வளவு பாடு இல்லை. 7.5 மேக்னிடியூட், தூரம் சுமார் 15 மில்லியன் ஒளியாண்டு. 1752இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் இதைக் கண்டது அரை அங்குல வாய் கொண்ட, எட்டு மடங்குத் தொலைநோக்கியில். ஆகவே பைனாகுலர் வைத்திருப்பவர்களும் வரலாம். சித்திரை மாதத்தில் சித்திரை நட்சத்திரம் இரவெல்லாம் வானத்தில் நிற்கும். அதிலிருந்து தெற்கே இறங்கினால் காமா ஹைட்ரே என்ற நட்சத்திரம், இன்னும் தெற்கே மென்கென்ட் என்ற நட்சத்திரம். இந்த இரண்டுக்கும் நடுவில், நேர்க்கோட்டுக்கு ஒரு பாகை மேற்கே எம் 83. மே முதல் வாரத்தில் பத்து மணிக்கே நல்ல உயரத்தில் இருக்கும். அது பினாங்கில் இடிமழைக் காலம். மாலையில் அடித்து ஊற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வானம் தெளிந்தால் கிளம்பிவிடுங்கள், மழை கழுவிய காற்றுக்கு ஈடு கிடையாது. மாறாக ஆகஸ்ட், செப்டம்பரில் புகைமூட்டம் வந்துவிட்டால் எதிர்வீட்டு விளக்கே மங்கலாகத் தெரியும், அப்போது தொலைநோக்கியைத் தொடாதீர்கள்.

எம் 83இன் பட்டை சாதுவானது. வானியலாளர்கள் அதை முழுப் பட்டைச் சுருள் என்று சொல்லாமல் இடைப்பட்ட ரகத்தில் வைக்கிறார்கள். பிரகாசமான நடுக்கரு, அதைக் குறுக்கே வெட்டும் குட்டையான கீற்று, சுற்றிலும் பெரிய வட்டமான பனிப்படலம். அந்தப் படலத்தில் ஒரு பக்கம் சற்று இருட்டாகத் தெரிந்தால் அது கைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. கையைத் தேடாதீர்கள், இடைவெளியைத் தேடுங்கள், அது சுலபம். முதன்முதலில் கேலக்ஸி பார்க்கிறவர்களை நான் தையில் கூப்பிடுவதில்லை, சித்திரையில்தான் கூப்பிடுகிறேன்.

அக்கா மகன் இப்போது 50 மி.மீ. ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்று வாங்கியிருக்கிறான். பால்கனியில் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுகிறான். அது அரைமணி நேரம் படங்களை அடுக்கி எம் 83இன் கைகளைக் கலரில் கொடுத்துவிடுகிறது. எனக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. என் வரைபடம் சரியா என்று சரிபார்க்க அவன் படத்தைத்தான் கேட்டு வாங்குகிறேன். ஆனால் அன்றைக்குத் தோட்டத்தில் என் முக்காட்டுக்குள் தலையை விட்டு, கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "சித்தி, ஒரு பக்கம் வளையுது" என்றான். அவனுக்கு எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து பார்த்தோம், மேற்குதான்.

திரும்பி வந்ததும் அசதியில் மூடியைப் போட்டு மூலையில் வைத்துவிடாதீர்கள். நான் அப்படி வைத்து, மூன்று மாதத்தில் ஒரு ஐபீஸில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்துவிட்டது. கண்ணாடியையும் ஐபீஸையும் மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் காயவிட்டு, தொட்டால் ஈரமில்லை என்றதும் ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் வெயிலில் வைத்துப் பயனில்லை, இந்த ஊர் வெயிலே ஈரம். வாணலியில் போட்டு இளஞ்சூட்டில் வறுங்கள், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியாக இருக்கட்டும்.